தரங்கம்பாடி அரசர் வீதி: காணச் செல்வோர்க்குச் சில வரலாற்றுக் குறிப்புகள்

காரைக்காலுக்கு வடக்கே, பூம்புகாருக்குத் தெற்கே, வங்கக் கடலோரம் அமைந்துள்ள தரங்கம்பாடிக்கு ஆண்டுதோறும் இரு வகையினர் வருகின்றனர். கோட்டையையும் கடலையும் பழைய வீடுகளையும் காண வருவோர் ஒரு வகையினர். சீகன்பால்கு கால்வைத்த மண்ணை மிதிக்க வேண்டும், அவர் அடக்கம் செய்யப்பட்ட ஆலயத்தில் சற்று நேரம் முழங்கால்படியிட வேண்டும் என்று பேருந்து அமர்த்திக்கொண்டு வரும் சபையாரும் இறையியல் மாணவரும் மற்றொரு வகையினர். முன்னவரைச் சுற்றுலாப் பயணிகள் என்றும் பின்னவரைத் திருப்பயணிகள் என்றும் நாம் வழங்குகிறோம். ஆயினும் இருசாராரும் நடப்பது ஒரே வீதி. பார்ப்பது அதே கட்டடங்கள். பார்க்கும் வரிசையும் ஒன்றே. திருச்சபை வரலாற்றைக் கற்போர், அதைக் கல்லாதவர் கண்டதையே கண்டு திரும்புவது எவ்வாறு என்னும் வினா இக்கட்டுரை ஆசிரியனுக்கு நெடுநாளாக உண்டு. அவ்வினாவை முன்வைத்தே இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

அவ்வீதியை முதலில் நினைவில் கொள்வோம். மேற்கிலிருந்து வருவோரை, 1792 என்னும் ஆண்டைத் தாங்கிய வெண்ணிற நகர வாயில் வரவேற்கிறது. அதனுள் நுழைந்தால் நேராகக் கடலை நோக்கிச் செல்வதே அரசர் வீதி. டேனியர் தம் அரசரின் பெயரால் வழங்கிய அத்தெருவை இன்று ஊரார் கிங் தெரு என்கின்றனர். தூண்கள் நிறுத்திய முகப்புகளோடு கூடிய பழைய வீடுகளும், பள்ளிகளும், இரண்டு தேவாலயங்களும் அத்தெருவில் உள்ளன. தெருவின் முடிவில் திறந்த வெளி, அதற்கப்பால் டான்ஸ்போர்க் கோட்டை, அதற்கப்பால் கடல். விரைந்து நடப்பவர் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். பலரும் அவ்வாறே முடித்துவிடுகின்றனர்.

ஊரின் பெயரைப் பற்றிப் பயணிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், தரங்கம் என்றால் அலை, ஆகவே இது அலைகள் பாடும் ஊர் என்பது. கேட்பதற்கு இனிமையான விளக்கமே. ஆனால் கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டில், பொறிக்கப்பட்ட கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே குறிக்கிறது. பாடி என்பது குடியிருப்பைச் சுட்டும் பழந்தமிழ்ச் சொல். பாடியது அலையன்று, குடியிருந்தோர் மக்கள். இக்கடற்கரைக் காற்றில் ஓசோன் மிகுதி என்றும், உலகிலேயே அரிதான காற்று இது என்றும் வேறு சொல்லப்படுகிறது. அதை விஞ்ஞானிகளிடம் விட்டுவிடுவோம். கடற்காற்று நல்லது என்பதற்கு மேல் நமக்கு இங்கே வேண்டுவதில்லை.

துறைமுகமாக இவ்வூர் ஐரோப்பியர் ஏடுகளில் இடம்பெற்றது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியான் 1616இல் கிழக்கிந்தியக் கும்பெனி ஒன்றுக்கு உரிமை வழங்கினார். அவர் அனுப்பிய கடற்படைத் தலைவர் ஓவே யெத்தே, 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் பொன்னோலையில் எழுதியனுப்பிய மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. மிளகு வாணிபமே நோக்கம். ஆதாயம் எதிர்பார்த்தபடி வரவில்லை. 1639க்குப் பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் இங்கு அனுப்பப்படவில்லை. 1669இல் கப்பல் வந்து சேர்ந்தபோது, கோட்டையைக் காத்துக்கொண்டிருந்த டேனியர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்னும் ஒருவரே. தாய்நாடு மறந்துவிட்ட கோட்டையைத் தனியொருவர் உள்ளூர்ப் படைவீரரைக் கொண்டு காத்த கதை பயணிகளுக்குச் சுவையானது. அது தவறாமல் சொல்லப்படுகிறது.

அவ்வளவு சுவையில்லாத செய்தி ஒன்றும் அதே நூற்றாண்டில் உண்டு. மிளகும் துணியும் ஏற்றிய இத்துறையில் மனிதரும் ஏற்றப்பட்டனர். பஞ்ச காலங்களில் சோழ மண்டலக் கடற்கரை முழுவதும் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். சிலர் தம்மையே விற்றுக்கொண்டனர். ஒல்லாந்தரும் போர்ச்சுக்கீசியரும் செய்த இவ்வாணிபத்தை டேனியரும் செய்தனர். தரங்கம்பாடியில் விலைக்கு வாங்கப்பட்டோர் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். எஞ்சிய அடிமைகள் அரசர் வீதியிலும் அதையடுத்த தெருக்களிலும் இருந்த ஐரோப்பியர் இல்லங்களில் நீர் இறைத்தனர், சமைத்தனர், குழந்தைகளைத் தூக்கினர். தூண்கள் நிறுத்திய அம்முகப்புகளுக்குப் பின்னே வாழ்ந்தோரில் பாதிப்பேரை நாம் மறந்துவிட்டே அவ்வீடுகளின் அழகைப் புகழ்கிறோம்.

இனி ஆலயங்களுக்கு வருவோம். இரண்டில் மூத்தது சீயோன் ஆலயம். 1701இல் டேனியர் தம் வழிபாட்டிற்கெனக் கட்டியது. அது நம் முன்னோருக்காகக் கட்டப்பட்டதன்று என்பதால் திருப்பயணிகள் அதனை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, எதிரே சற்றுத் தொலைவில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்திற்கு விரைகின்றனர். சீகன்பால்குவின் கல்லறை அங்கே இருப்பதால் அவ்விரைவு இயல்பானதே. ஆனால் தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபை பிறந்தது எதிரிலுள்ள ஆலயத்தில் அன்று, இதில்தான்.

நான்காம் பிரெடரிக் அரசர் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்குவும் என்றிக் புளூட்ச்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் இங்கே கரையேறினர். வரவேற்பு ஏதும் இல்லை. கோட்டைத் தளபதி ஹாசியுஸ் அவர்களை வெயிலில் நெடுநேரம் காக்கவைத்தார். கடுஞ்சொல் கூறி அனுப்பினார். மாலையில் இருவரும் தங்க இடமறியாது தெருவில் நின்றனர். அரசரின் கட்டளையோடு வந்தவர்களுக்கே அந்நிலை. அடுத்த ஆண்டு மே மாதம், அவர்களுடைய போதனையைக் கேட்ட ஐவர் சீயோன் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றனர். அந்த ஐவரும் அடிமைகள்; அவர்களை விலைகொடுத்து வைத்திருந்த எசமானர்கள் ஞாயிறுதோறும் தொழுத அதே ஆலயத்தில் அவர்கள் தலைமேல் நீர் ஊற்றப்பட்டது. ஐரோப்பியர் இல்லங்களில் இருந்த அடிமைகள் பேசியது பெரும்பாலும் கலப்புப் போர்ச்சுக்கீசியம். ஆகவே தொடக்கத்தில் அருட்பணி தமிழிலும் போர்ச்சுக்கீசியத்திலும் நடந்தது.

இச்செய்தியை ஒரு கணம் நிறுத்திச் சிந்திக்க வேண்டும். நம் வரலாற்று நூல்கள் 1706ஐப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. நூற்றாண்டு விழாக்களை அந்த ஆண்டைக் கொண்டே கணக்கிடுகின்றன. 2006இல் 300ஆம் ஆண்டு நிறைவும் அவ்வாறே கொண்டாடப்பட்டது. கரையேறியவர்களின் நாள் அது. கேட்டு ஏற்றவர்களின் நாள் 1707இல் வருகிறது. அனுப்பப்பட்டவன் வந்து சேர்ந்த நாளிலா, அவன் சொல்லை ஒருவர் ஏற்ற நாளிலா திருச்சபை தோன்றுகிறது என்பதை இறையியல் மாணவருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. கரையேறிய நிகழ்ச்சிக்குக் கடற்கரையில் நினைவுச் சின்னம் உண்டு. ஐவருக்கோ காட்டுவதற்கு ஒரு வீடும் இல்லை. அவர்கள் வாழ்ந்தது பிறர் வீட்டில்.

எசமானரும் அடிமையும் ஓராலயத்தில் நெடுநாள் தொழவில்லை. அதே 1707இல் ஆகஸ்ட் 14ஆம் நாள், எருசலேம் என்னும் பெயரோடு சிற்றாலயம் ஒன்று தமிழருக்கெனவும் போர்ச்சுக்கீசியம் பேசியோருக்கெனவும் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டுவதற்குப் பணம் போதவில்லை. அருட்பணியாளர் தம் ஊதியத்திலிருந்தே பெரும்பகுதியைச் செலவிட்டனர். அவ்வாலயத்தைக் கடல் கொண்டுவிட்டது என்பர். சீகன்பால்கு தமிழ் கற்ற இடமும் அவ்வாறே மறைந்தது. முதியவரான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பிள்ளைகளோடு அருட்பணியாளர் இல்லத்திற்கே பள்ளியை மாற்றிக்கொண்டு வந்தார். சீகன்பால்கு அப்பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே ஆண்டுகளில் தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி அவற்றிற்கு அட்டவணை எழுதும் அளவிற்கு அவர் முன்னேறியதை நாம் வியக்கிறோம். அவருக்கு எழுத்தறிவித்தவரை எத்தனை பேர் வியக்கிறோம்?

வீதியின் முடிவில் உள்ள டான்ஸ்போர்க் கோட்டையே பயணிகளுக்குத் தரங்கம்பாடியின் முகம். நூலட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் காணப்படுவது அதுவே. மேல்தளத்தில் ஆளுநர் இருப்பிடமும் வழிபாட்டறையும், கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் இருந்தன. 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சிராம்பூரையும் சேர்த்து ஆங்கிலக் கும்பெனிக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றனர். நம் மாணவர் பெறும் சிராம்பூர்ப் பட்டத்திற்கு அதிகாரம் தந்த சாசனம், இவ்விற்பனைக்கு 18 ஆண்டுகளுக்கு முன், 1827இல், டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் அளித்தது என்பதை இடையே நினைவூட்டலாம். விற்பனைக்குப் பின் கோட்டை பயணியர் விடுதியாயிற்று. 1978 வரை அவ்வாறே இருந்து, 1979 முதல் தமிழ்நாடு தொல்பொருள் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. பீங்கான் கலங்களும் காசுகளும் பழம்பொருள்களும் அங்கே உள்ளன. பார்க்கத் தக்கவையே.

ஆனால் அக்கோட்டையில் நமக்குரிய வரலாறு ஒரு கடன் வழக்கில் தொடங்குகிறது. 1708இல் தமிழ்க் கைம்பெண் ஒருவர் சீகன்பால்குவிடம் முறையிட்டார். அவருடைய கணவர் நாவிதத் தொழில் செய்தவர். கும்பெனியில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த ஒருவருக்கும் இவ்வேழைப் பெண்ணுக்கும் இடையே கடன் தகராறு. செல்வாக்கு அவர் பக்கம். சீகன்பால்கு தளபதியிடம் ஒருமுறைக்குப் பலமுறை பரிந்து பேசினார், பயனில்லை. முடிவில், தளபதி ஆலயத்திற்கு வரும்போது அவர்முன் முழங்கால்படியிட்டு நீதி கேட்குமாறு அப்பெண்ணுக்கு அறிவுரை கூறினார். டேனியர் ஆலயத்தில், டேனியர் கண்முன்னே, தளபதியின் காலடியில் ஒரு தமிழ்க் கைம்பெண் மண்டியிடுவது! ஹாசியுஸ் அதைத் தம் அதிகாரத்திற்கு நேர்ந்த இழிவாகக் கருதினார். விசாரணைக்கு அழைக்கப்பட்ட சீகன்பால்கு, எழுத்து வடிவில் ஆணை வேண்டுமென்றார். படைவீரர் அவரைப் பிடித்துச் சென்றனர். கேட்ட வினாக்களுக்கு விடையளிக்க மறுத்ததால் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1708 நவம்பர் 19 முதல் 1709 மார்ச் 26 வரை, நான்கு மாதங்களுக்கு மேல் அவர் அங்கே இருந்தார். கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் போதகர் பணியைப் பற்றியும் இரு நூல்களை அச்சிறையில் எழுதினார்.

சிறையைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். விசுவாசத்தினிமித்தம் பாடனுபவித்தார் என்று பொதுப்படச் சொல்லி முடிக்கிறோம். அவர் நற்செய்தியை அறிவித்ததற்காக அடைக்கப்பட்டவர் என்று கேட்போர் எண்ணிக்கொள்கின்றனர். அது முழு உண்மையன்று. நற்செய்தியை அறிவித்தல் ஹாசியுசுக்கு வெறுப்பூட்டியது உண்மை. ஆயினும் சிறைக் கதவைத் திறந்தது ஒரு கைம்பெண்ணின் கடன். இதைச் சொல்லாமல் விடுவதால் சீகன்பால்குவின் பெருமை குறைகிறதேயன்றி வளர்வதில்லை. எருசலேம் தேவாலயத்தின் கற்களைச் சீடர் ஒருவர் ஆண்டவருக்குச் சுட்டிக்காட்டி வியந்ததை மாற்கு தம் 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். அதற்குச் சற்று முன்னே, 12ஆம் அதிகாரத்தின் முடிவில், அதே ஆலயத்தில் இரு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் சீடருக்குக் காட்டியிருக்கிறார். அவர் காட்டியது ஒன்று. அவர்கள் கண்டது வேறொன்று. சீடரும் அன்று ஊர் பார்க்க வந்தவர்களே.

சீகன்பால்கு ஐரோப்பா சென்று 1716இல் திரும்பியபின் எழுப்பப்பட்டது புதிய எருசலேம் ஆலயம். அப்பயணத்தில் அவரோடு மலையப்பன் என்னும் தமிழர் ஒருவரும் ஆலே நகருக்குச் சென்றுவந்தார் என்பது பலர் அறியாத செய்தி. 1717 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1718 அக்டோபர் 11இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் முகப்பில் முடியோடு கூடிய டென்மார்க் அரசரின் எழுத்துச் சின்னம் பொறிக்கப்பட்டுள்ளது. அர்ப்பணித்த நான்கே மாதங்களில், 1719 பிப்ரவரி 23இல், தம் 36ஆம் வயதில் சீகன்பால்கு மரித்தார். அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லர் அடுத்த ஆண்டு மரித்தார். இருவரும் பலிபீடத்தின் இருபுறமும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். திருப்பயணிகள் நெடுநேரம் நிற்கும் இடம் இதுவே. நிற்க வேண்டிய இடமும்கூட.

ஆயினும் அங்கே நிற்கையில் தலையை உயர்த்தி ஆலயத்தின் அமைப்பையும் நோக்குமாறு வேண்டுகிறேன். சிலுவை வடிவில் நான்கு கைகளாக விரிந்துள்ளது அது. மீட்பின் அடையாளமாகிய அவ்வடிவத்தினுள்ளே மக்கள் எவ்வாறு அமர்ந்தனர்? ஆணும் பெண்ணும் பிரிந்தமர்ந்தது அக்கால வழக்கம். அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. சாதி வாரியாகவும் பிரிந்தமர்ந்தனர். தம்மை உயர்ந்தோர் எனக் கருதியவர்கள் ஒருபுறம். பறையர் எனப்பட்டோர் இடைவெளி விட்டு மறுபுறம். திருவிருந்தில் முன்னவர் முதலில், பின்னவர் பிறகு. ஆலயம் கட்டியோர் இதைத் தீமை என்று அறியாதவர்களல்லர். காலப்போக்கில் மறையும் என்று பொறுத்துக்கொண்டனர். அது மறையவில்லை.

அதன் விளைவை இராசநாயக்கன் என்பவரின் வாழ்வில் காணலாம். தஞ்சை அரசரின் படையில் சிப்பாயாக இருந்தவர், பிறப்பால் பறையர், ரோமன் கத்தோலிக்கராக வளர்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷ நூல் கைக்குக் கிடைக்க, அதைப் படித்து, தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். 1720களின் இறுதியில் உபதேசியாராகி, தஞ்சைச் சீமையில் அடிபட்டும் வசையுண்டும் பல்லாண்டு உழைத்தார். 1733 டிசம்பர் 28இல் கடலூரைச் சேர்ந்த ஆரோன் குருத்துவ அபிஷேகம் பெற்றார். இந்தியர்களில் முதல் சீர்திருத்தச் சபைக் குரு அவரே என்று நாம் நியாயமாகப் பெருமைப்படுகிறோம். 1741இல் தியோகு இரண்டாமவரானார். இராசநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவர் கையிலிருந்து மற்றச் சாதியார் திருவிருந்து பெறமாட்டார்கள் என்னும் காரணத்தால் அது கைவிடப்பட்டது. 1771இல் மரிக்கும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார். மணலில் எழுத்துக் கற்ற ஐயரின் கல்லறை பலிபீடத்தின் பக்கத்தில் உள்ளது. அவர் அச்சிட்ட நூலைப் படித்து விசுவாசித்த ஒருவர் அப்பலிபீடத்தின் முன் குருவாக நிற்க முடியவில்லை. பத்தடித் தொலைவில் இரு செய்திகளும் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்றிற்குக் கல்வெட்டு உண்டு.

இன்று சீயோன் ஆலயம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. புதிய எருசலேம் ஆலயம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. ஒரே தெருவில் ஆட்சியாளருக்கு ஒன்றும் ஆளப்பட்டோருக்கு ஒன்றுமாகத் தொடங்கியவை, இன்று இரு திருச்சபைகளின் உடைமைகளாக எதிரெதிரே நிற்கின்றன. 1947இல் நடந்த ஐக்கியத்திற்கு லுத்தரன் சபையார் வராததன் காரணங்கள் வேறு; அவற்றை இங்கே எடுத்தால் கட்டுரை திசைமாறும். லுத்தரன் பேராயர் தரங்கம்பாடிப் பேராயர் என்றே இன்றும் அழைக்கப்படுகிறார்; ஆனால் அவர் இருப்பது திருச்சிராப்பள்ளியில், தரங்கைவாசம் என்று பெயரிட்ட இல்லத்தில். ஊர் சிறுத்துவிட்டாலும் பெயர் சிறுக்கவில்லை.

ஊர் சிறுத்ததற்குக் காரணம் இருப்புப்பாதை. 1845க்குப்பின் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் சிறிது காலம் இங்கிருந்தது. 1860இல் அது தஞ்சாவூருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு நாகப்பட்டினத்திற்கு இரயில் வந்தது. வாணிபம் அங்கே போயிற்று. தரங்கம்பாடிக்கு 1926இல்தான் மாயவரத்திலிருந்து கிளைப்பாதை போடப்பட்டது. 1986இல் அதுவும் நிறுத்தப்பட்டது. வறுமையே பழைய கட்டடங்களைக் காத்தது எனலாம். இடித்துப் புதிதாகக் கட்ட எவரிடமும் பணமில்லை.

2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், ஆழிப்பேரலை வந்தது. கோட்டையை ஒட்டி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பல தம் பிள்ளைகளையும் பெரியோரையும் இழந்தன. கட்டுமரங்களும் வலைகளும் போயின. கோட்டை நின்றது. பின்வந்த ஆண்டுகளில் இவ்வூரின் மேல் உலகின் கவனம் திரும்பியது. மரபுக் காப்பு நிறுவனங்கள் பழைய வீடுகளைச் செப்பனிட்டன. ஆளுநர் மாளிகை புதுப்பிக்கப்பட்டது. சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் 2017இல் பண்பாடுகளின் உரையாடலுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நன்றியோடு குறிக்க வேண்டிய பணிகள் இவை. அதே ஆண்டுகளில் மீனவர் பலர் கரையைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டனர். சடங்கன்பாடியில் பாடி என்பது யாருடைய குடியிருப்பு என்னும் கேள்வி 1306ஓடு முடிந்துவிடவில்லை.

எனவே மாணவரையோ சபையாரையோ அழைத்துச் செல்லும் குருமார்களுக்கு ஓர் யோசனை. நகர வாயிலில் படமெடுத்துக்கொள்வதைத் தடுக்க வேண்டாம். ஆனால் முதலில் சீயோன் ஆலயத்திற்குள் அழைத்துச் செல்லுங்கள். அங்கே எவரையும் புகழ்ந்து பேசாமல், 1707 மே மாதத்து ஐவரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். ஒரு கைம்பெண் யார் முன் மண்டியிடுமாறு அறிவுரை பெற்றார் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். பின்னர் கோட்டைக்குச் சென்று, மேல்தளத்துக் காற்றை அனுபவிக்குமுன் கீழ்த்தளத்தில் நில்லுங்கள். அதன்பின்னே புதிய எருசலேம் ஆலயம். கல்லறைகளின் அருகே ஜெபம் முடிந்தபின், இராசநாயக்கனின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.

நேரமிருந்தால் பக்கத்து ஊராகிய பொறையாருக்கும் செல்ல வேண்டும். பயணிகளுக்கு அங்கே காண ஒன்றுமில்லை என்பர். ஆலே நகரில் வார்த்து 1713இல் வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. அவற்றால் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சாயின. எஞ்சியதை அச்சிடத் தாள் போதாதென்று கண்டு, ஆட்லர் என்னும் தொழில் வல்லுநர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகடுகளையும் உருக்கிக்கொண்டார் என்று ஒரு செய்தி உண்டு. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. தாள் செய்யும் ஆலை ஒன்றும் பொறையாரில் நிறுவப்பட்டது. அது நெடுநாள் நடக்கவில்லை. சிப்பாய் ஒருவரின் கைக்குச் சென்ற சுவிசேஷ நூலின் வழி இங்கிருந்துதான் தொடங்கியது. இன்று அப்பட்டறையின் சுவரோ கூரையோ இல்லை. அவ்விடத்தின் பெயரைக் கேட்டால் பொறையார்வாசிகள் கடுதாசிப்பட்டறை என்கின்றனர்.